முப்பத்தோரு கேன்களும் ஒரு மாத்திரையும்

பெரம்பூர், சென்னை
14-6-1999

அண்ணிக்கு,

ரேணுகாதேவி எழுதுவது. நலமா என்று கேட்டால், அஞ்சு மாதமாகக் கேட்காதவளுக்கு இப்போது என்ன அக்கறை என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. இதை நான் நாத்தனாராகவும் எழுதவில்லை. போன வருடம் உங்களுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவளாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், உங்களுக்கு வரும் போன் எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் கூடத்தில் அல்லவா இருக்கிறது? நான் இங்கே மார்பு என்றால் அங்கே தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை எங்கள் டாக்டர் கண்ணகி ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அதில் அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். ஆடி வெள்ளியில் படவேட்டு பஸ் ஆரணி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பீர்களே, நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரையின் வேலையும் அதுதான். உங்களுக்கு வந்த வகைக் கட்டி, பெண் ஹார்மோன் வந்து உட்கார்ந்தால் வளரும். மாத்திரை முன்னாலேயே போய் அங்கே துண்டு போட்டுவிடுகிறது. ஹார்மோன் வந்து பார்த்துவிட்டு, நின்றுகொண்டே ஊர்போய்ச் சேர்கிறது.

ஆனால் சில பிளாஸ்டிக்கிலும், துணி வெளுக்கும் சில சோப்புத் திரவங்களிலும் ஒரு பொருள் இருக்கிறதாம். ஹார்மோன் வேஷம் போட்டுக்கொண்டு உடம்புக்குள் வருமாம். துண்டை எடுத்து வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. பட்டுநூலை வேகவைத்துப் பசை எடுக்க அண்ணனின் சாயப்பட்டறைக்குச் சோப்புத் திரவம் வரும் வெள்ளைக் கேன்கள் இருக்கின்றனவே, காலியானதும் கழுவி, எட்டு வருடமாக அதில்தான் குடிதண்ணீர் பிடிக்கிறீர்கள். அரிசியும் அதில்தான், ஊறுகாயும் அதில்தான். எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். தண்ணீரை எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ வையுங்கள்.

இப்படிக்கு,
ரேணுகாதேவி


ஆரணி
22-6-1999

ரேணுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இன்னும் சாகவில்லை, ஆகவே நலம்.

மருந்து கொடுக்கிறவளாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தாய். நானும் பயந்துபோய்ப் படித்தேன். கேன் என்ற இடம் வந்ததும் பயம் தெளிந்துவிட்டது. ஓகோ, தை மாதத்துக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

உன் மகள் லாவண்யாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக இருபத்தொரு தட்டு கொண்டுவந்தோம். இருபத்திரண்டாவதாக ஒரு புதுக் கேன் நிறைய இருநூறு அதிரசம். நானே சுட்டு, மூடிக்குச் சிவப்புப் பட்டு ரிப்பன் கட்டி இடுப்பில் சுமந்து வந்தேன். உன் புருஷன் வீட்டு அம்மாள் ஒருத்தி, "இன்னாங்க இது, கெமிக்கல் டப்பால சீர் எட்துகினு வந்துக்கிறாங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் சிரிக்கட்டும், பட்டணத்துக்காரி. நீ என்ன செய்தாய்? சபை நடுவில் அதிரசத்தை ஒரு கூடையில் கவிழ்த்துவிட்டு வெறும் கேனை எங்கள் வேனில் ஏற்றிவிட்டாய். காஞ்சிபுரம் தாண்டும்வரை அது என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

ஆரணியில் அந்தக் கேனுக்கு இருக்கும் மதிப்பு உனக்குத் தெரியாது. பட்டறையில் எப்போது காலியாகும் என்று என் வாசலில் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். இப்போது டாக்டர், துண்டு, பஸ் என்று மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாய். உனக்கு என் கேன் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே.

ஆபரேஷன் முடிந்து கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது பன்னிரண்டு நாள் நீதான் எனக்குத் தலை வாரிவிட்டாய். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன்.

உண்ணாமலை


பெரம்பூர்
29-6-1999

அண்ணிக்கு,

அந்த அதிரசக் கேனை நான் திருப்பி அனுப்பியது தப்புத்தான். மாமியார் வீட்டார் முன்னால் என் பிறந்த வீடு சிரிப்பாய்ச் சிரிக்கிறதே என்று புத்தி கெட்டுவிட்டது. அதற்கு நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் அந்தக் கேன் வேறு, இந்தக் கேன் வேறு. படவேட்டு ரேணுகாம்பாள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்தில், மார்புக்கட்டியின் செல்களைப் பிளாஸ்டிக் குழாயில் வைத்திருந்தார்களாம். ஒரு சொட்டு ஹார்மோன்கூடக் கொடுக்காமலே அவை மளமளவென்று வளர்ந்தனவாம். தேடிப் பார்த்தால், குழாயிலிருந்து இறங்கிய பொருள்தான் அந்த வேலையைச் செய்திருக்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை அண்ணி. வீட்டில் கேன் இருக்கும்வரை நீங்கள் மாத்திரை சாப்பிடுவது தண்டம். பிறகு உங்கள் இஷ்டம்.

நாலு வருடம் சாப்பிட வேண்டிய மாத்திரை இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

ரேணுகா


ஆரணி
12-7-1999

ரேணு,

நீ ஜெயித்தாய். ரேணுகாம்பாளை இழுத்துவிட்டாய், இனி நான் என்ன பேச முடியும்.

உன் அண்ணனிடம் கடிதத்தைச் சொன்னேன். நீலச்சாயம் சொட்டும் கையோடு நின்று கேட்டுவிட்டு, "ரேணு சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் இருந்த ஆறு கேன்களையும் வெளியே போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. எனக்கு ஆகாதது ஊராருக்கு மட்டும் ஆகுமா? யார் யாருக்குக் கொடுத்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். எட்டு வருடத்தில் முப்பத்தோரு கேன். கிராமத்து நாட்டாண்மைகூட இவ்வளவு வீட்டுக்கு உப்பு போட்டிருக்க மாட்டார்.

சரி, திருப்பி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். காரணம் சொல்ல வழியில்லை. தெருவைப் பொறுத்தவரை எனக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன். சோப்புத் திரவம் என்று சொன்னாலோ பட்டறையின் பெயர் கெடும். ஆகவே காரணம் சொல்லாமல் கேனை மட்டும் கேட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா. கிழிந்த பட்டுப்புடவையைத் தேடிக்கொண்டு ஒருவன் வாசலில் நின்றால், ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கப்போகிறான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பழைய பொருளைக் காரணமில்லாமல் யாரும் இங்கே திருப்பிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. பொன்னியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாத்துக்குத் திடீர்னு கேக்கற? கம்பெனிக்காரன் இன்னா குட்க்கறான்?" என்றாள். ஒன்றும் இல்லையடி என்றேன். ஒன்றும் இல்லாமலா வேர்த்து விறுவிறுக்க வந்து கேட்கிறாய் என்றாள். மாத்திரையால் வருகிற வியர்வை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பொழுது சாய்வதற்குள் கேனுக்கு உள்ளே வெள்ளிப் பூச்சு இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. பாஞ்சாலை தன் கேனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பழைய ஜரிகை வாங்கும் துரைக்கண்ணு சைக்கிளில் வந்து, மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமா என்று உன் அண்ணனிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். கோயிலில் தீர்த்தம் வைக்க ஒன்று கொடுத்திருந்தேன். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் ஏழு பிறவிக்கும் ஆகாது என்று குருக்கள் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒன்பது கேன் திரும்பி வந்தது. அதில் இரண்டு நம்முடையதே இல்லை. பேஜாராகிவிட்டது எனக்கு.

உண்ணாமலை


பெரம்பூர்
16-7-1999

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மருந்துக் கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். பீரோவில் பூட்டிய இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒருவர், "மூல மாத்திரை கேட்டா இன்னாத்துக்கும்மா சிரிக்கற" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

நீங்கள் என் பேச்சைக் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கல்யாணமாகி வந்த நாள் முதல் நீங்கள் யார் பேச்சையும் கேட்டதில்லை. இந்த வேகத்திலேயே மற்றதையும் முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி, மக்கு, தட்டு எதுவும் வேண்டாம். ஓட்டலிலிருந்து சூடான சாம்பாரைப் பையில் கட்டி வாங்காதீர்கள். டீயைக் கண்ணாடி டம்ளரில் மட்டும் குடியுங்கள். என் வீட்டுக்காரர் சிவகுமாரின் டிபன் டப்பாவையே நான் மாற்றிவிட்டேன். புளியோதரையை எவர்சில்வரில் தூக்கிக்கொண்டு போவதற்கு அவர் தினமும் முனகுகிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பட்டறையில் நூல் அலசிய தண்ணீர் ஓடுகிற கால்வாய் இருக்கிறதே, அதற்கும் உங்கள் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? அந்தச் சோப்பு மண்ணுக்குள் இறங்கியிருந்தால் கேனை மாற்றியும் பயன் இல்லையே. அளந்து எழுதுங்கள்.

ரேணு


ஆரணி
7-8-1999

ரேணு,

அளந்தேன். என் காலடிக்குப் பதினோரு அடி.

எட்டு வருடம் கேனில் குடித்தேன். அதில் ஊற்றியதும், அதற்கு முன் பதினெட்டு வருடம் குடித்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். நீ சொன்ன வேஷக்காரன் இத்தனை காலமாக உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறான். இனி எங்கே துண்டு போட்டு என்ன? தலைக்கு மேல் வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

நீ வருத்தப்படாதே. நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய், இந்த மூன்று வாரமாக எனக்கு வியர்வையே இல்லை. போன மாதம்வரை கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொள்ளும், எழுந்து சுவர் ஓரமாகப் போய் நிற்பேன். பட்டுப்புடவை கட்டினால் வெந்துபோவேன். பட்டுக்குச் சாயம் போடுகிறவன் பெண்டாட்டி நூல்புடவையில் வந்திருக்கிறாளே என்று கேட்பார்கள். போன வெள்ளிக்கிழமை சின்னக்கண்ணு மகள் வளைகாப்புக்கு அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து, உனக்கு வயதே ஆகவில்லை என்றார்கள்.

கேன் பேச்சும் அடங்கிவிட்டது. பாஞ்சாலை மட்டும் இன்னும் பீரோவைத் திறக்கவில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே. லாவண்யாவைக் கேட்டதாகச் சொல்.

உண்ணாமலை


பெரம்பூர்
11-8-1999
விரைவுத் தபால்

அண்ணி,

மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?

வேறு எதுவும் கேட்கவில்லை. வியர்வை மூன்று வாரமாக இல்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மாத்திரை உள்ளே இருந்தால் உங்களுக்கு வேர்க்கும். ஒரு வருடமாக வேர்த்ததே. கடிதத்தைப் படித்ததும் கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் கண்ணகி அறைக்கு ஓடினேன்.

நான் உங்களுக்கு எழுதியதை எல்லாம் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். துண்டு, பஸ், கேன், கிணறு எல்லாம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்தேன். "நான் கிளாஸ்ல இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதியிருக்க?" என்றார்.

அண்ணி, வகுப்பில் அவர் சொன்னது வேறு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்லில் பார்த்திருக்கிறார்கள், மனித உடம்பில் எவ்வளவு போகிறது, மாத்திரையை அது எவ்வளவு கெடுக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது, சந்தேகம்தான், ஆராய்ச்சி நடக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். அந்தச் சந்தேகத்தை நான்தான் முடிவாக மாற்றி எழுதினேன். சந்தேகத்துக்கே இடமில்லை என்று உங்களுக்கு எழுதியவள் நான். ஏன் அப்படி எழுதினேன் என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன். உங்கள் கேன் தப்பு, நான் சரி என்று ஒரு டாக்டர் வாயால் கிடைத்துவிட்டது. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிளாஸ்டிக் இன்னா பண்ணும்னு எனக்கே முழுசாத் தெரியாது. மாத்திரய நிறுத்தினா இன்னா ஆகும்னு நல்லாத் தெரியும்."

தண்ணீரைப் பானையில் வைத்தது நல்லதுதான், அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. கெமிக்கல் வந்த கேனில் யாரும் குடிக்கவே கூடாது, அது எப்போதுமே தப்பு. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு பாட்டில் அனுப்பச் சொன்னார், கண்ணாடி பாட்டிலில். அதுவரை நகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடியுங்கள். ஆனால் மாத்திரை இன்றைக்கே வேண்டும். வியர்வை தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறதாம், வந்து சொன்னால் பார்க்கிறேன் என்கிறார். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் விழுங்கிவிடாதீர்கள், இது ரேஷன் பாக்கி இல்லை. நாளுக்கு ஒன்று.

அக்டோபரில் உங்களுக்குச் செக்கப். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. ஒரு வரி எழுதுங்கள். பொன்னியம்மாள் வீட்டுக்குப் போன் செய்யட்டுமா? தெரு முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும்.

ரேணு


ஆரணி
20-8-1999

அன்புள்ள ரேணு,

போன் செய்யாதே. மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். இன்றோடு ஆறு நாள்.

உன் விரைவுத் தபால் உன் அண்ணன் கையில்தான் கிடைத்தது. அவர் யாருடைய கடிதத்தையும் பிரிக்கமாட்டார். இதைப் பிரித்துவிட்டார். படித்துவிட்டு நேராக உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து கூடத்தில் உட்கார்ந்து எண்ணினார். "இருபத்தெட்டு" என்றார். நான் விட்ட மாத்திரைகளின் கணக்கு. பட்டறையில் ஒரு கல்யாணப் புடவைக்கான மாம்பழ மஞ்சள் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கப் போகாமல் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நூல் முழுக்கக் கருகிப் பாக்குக் கலர் ஆகிவிட்டது. கடைக்கார முதலாளி வந்து வாசலில் நின்று கத்தினார். திட்டையெல்லாம் இவர் வாங்கிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு சாயம் தப்பியதில்லை ரேணு அவருக்கு.

இப்போது தினமும் காலை எட்டு மணிக்குச் சொம்பில் தண்ணீரோடு எதிரில் வந்து உட்காருகிறார். நான் விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டவேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்கிறார். நேற்று அந்த நேரம் பார்த்து பொன்னியம்மாள் வந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி வாயைப் பார்த்துகினு உட்கார்ந்திருக்கிறானே என்று, ஊரெல்லாம் எனக்குத் தங்கப்பல் கட்டியிருப்பதாகச் சொல்லிகினு திரிகிறாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லக்கூடாது, இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது. ஏனென்றால் நீ எழுதியதால் மட்டும் நான் நிறுத்தவில்லை. அந்த மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று போய்விட்டது என்பது ஞாபகம் வரும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த ஞாபகத்தை விழுங்கவேண்டும். எப்படா விடலாம் என்றிருந்தேன். நீ ஒரு காரணம் கொடுத்தாய், பிடித்துக்கொண்டேன். அந்த நாலு வாரம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வியாதியே வராதவள் போல இருந்தேன். நன்றாக இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரல் செக்கப்புக்கு நான் வந்தபோது உன் கவுண்டரில் நின்றேன். மூன்றாம் மனுஷிக்குக் கொடுப்பதுபோல மாத்திரையைத் தள்ளினாய், நானும் மூன்றாம் மனுஷி போல வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் டாக்டர் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. ஆண்களை உள்ளே விடமாட்டார்களே, உன் அண்ணன் வெளியே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். எனக்கு ரவிக்கைக் கொக்கி கழற்ற வரவில்லை. "சீக்கிரம்மா, ஆளுங்க வெயிட் பண்றாங்க" என்றாள் ஒரு நர்ஸ். நீ அந்தத் தாழ்வாரத்தின் கோடியில்தான் இருந்தாய், குரல் கொடுத்தால் கேட்கும். கூப்பிட வாய் வரவில்லை. மறுபடி வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் எவ்வளவு பயந்தேன் என்பதை இதுவரை உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்குச் சாக இஷ்டம் இல்லை ரேணு.

அக்டோபர் நாலாம் தேதி திங்கட்கிழமை, பத்து மணிக்கு என் முறை. கவுண்டரை யாரிடமாவது அரைமணி நேரம் விட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நில். திட்டவேண்டும் என்றால் திட்டிக்கொண்டே நில்.

உன் அண்ணி
உண்ணாமலை